புல்தரைச் சொட்டையும் போர் தண்ணீரும்

கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு முன்னால் புல்தரை போட்டிருப்பவர்கள் என்னைப் பார்த்தால் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அங்கங்கே காய்ஞ்சு சொட்டை விழுந்திருக்கு. என்ன புல் வாங்கி ஒட்டலாம்?" வேளாண்மைத் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் என்பதால் இந்தக் கேள்வி என்னைத் தேடி வருகிறது. என் பதில் கேட்கிறவர்களுக்குப் பிடிப்பதில்லை. புல்லை அப்புறம் பார்க்கலாம், என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள் என்பேன். புன்னக்காயல் மாதிரி ஒரு ஊரில் செத்த புல்லுக்குப் பதில் புதுப் புல் ஒட்டிக்கொண்டே இருப்பது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைத்துக்கொண்டிருப்பது மாதிரி. இது என் திடமான கருத்து. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் ஊர் இருக்கிற இடத்தை நினைத்துப் பாருங்கள். பொதிகையில் பிறந்த தாமிரபரணி 120 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, வழியில் எட்டு அணைக்கட்டுகளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மிச்சத்தோடு நம்மிடம் வந்து மன்னார் வளைகுடாவில் விழுகிறது. எட்டில் கடைசி ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. அதைத் தாண்டி வழிந்து வருவதுதான் நமக்கு. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் காயல், ஒரு பக்கம் கடல். பேரிலேயே புன்னையும் காயலும் இருக்கிறது, புல் இல்லை. நாம் சிறுபிள்ளையாக இருந்தபோது வீட்டு முற்றம் என்றால் வெள்ளை மணல்தான். காலையில் ஈர்க்குமாறு போட்டுப் பெருக்கினால் கோடு கோடாக அழகாக இருக்கும். திருவிழா வருகிறது என்றால் புது மணல் விரிப்போம். ராத்திரி அதில் பாய் போட்டுப் படுத்தோம்.

பிறகு கப்பல் வேலைக்கும் வளைகுடாவுக்கும் போன பிள்ளைகள் அங்கே பார்த்த பச்சையை இங்கே கொண்டுவர ஆசைப்பட்டார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. வெயிலில் கண்ணுக்குக் குளிர்ச்சி, காற்றில் மணல் பறக்காது, பேரப்பிள்ளைகள் விழுந்தால் முட்டி சிராயாது. புல்தரையே கூடாது என்று நான் சொல்லவில்லை.

என் அக்கா மகன் கப்பலில் இருக்கிறான். வீட்டுக்கு முன்னால் இரண்டு சென்ட் அளவுக்குப் புல்தரை. ஐந்து வருஷத்தில் மூன்று தடவை புதுப் புல் போட்டாயிற்று. போன கோடையில் லீவில் வந்தவன் மறுபடியும் ஆளைக் கூட்டி வந்து அளந்துகொண்டிருந்தான்.

"மாமா, இந்தத் தடவ நல்ல புல்லு. மூணு வருஷம் கேரண்டி தாராங்க."

"கேரண்டி புல்லுக்கா, தண்ணிக்கா மருமகனே?"

சிரித்தான். ஆனால் யோசித்தான். ஆர்.ஓ. மிஷின் ரிப்பேர் செய்ய வருகிறவர் வைத்திருக்கும் பேனா மாதிரியான டி.டி.எஸ். மீட்டரை வாங்கி அவன் வீட்டுப் போர் தண்ணீரில் விட்டோம். 1,900 என்று காட்டியது. லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம் உப்பும் தாதுக்களும் கரைந்திருக்கிறது என்று அர்த்தம். குடிதண்ணீருக்கு இந்தியத் தர நிர்ணயத்தின்படி 500 வரை நல்லது. வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை சகித்துக்கொள்ளலாம். ஆக, இவன் வீட்டுத் தண்ணீர் சகித்துக்கொள்ளும் எல்லைக்குள்தான் இருக்கிறது. "அப்போ நல்ல தண்ணிதானே மாமா" என்றான்.

அங்கேதான் ஒரு கணக்கு இருக்கிறது. கோடையில் புல்தரை நாள் ஒன்றுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் தண்ணீர் கேட்கும். ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 40 சதுர மீட்டர். அப்படியானால் ஒரு சென்ட்டுக்கு நாளைக்கு 200 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் பதின்மூன்று குடம். அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 2 கிராம் உப்பு என்று வைத்தால், நாளைக்கு 400 கிராம். மாதத்துக்கு 12 கிலோ. சென்ட் ஒன்றுக்கு மாதம் 12 கிலோ உப்பை நம் கையாலேயே புல்லில் தூவுகிறோம். இவனுக்கு இரண்டு சென்ட், 24 கிலோ. மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி என்று நாலு மாதம் மழையில்லாமல் போனால் கிட்டத்தட்ட 100 கிலோ.

புல் தண்ணீரை எடுத்துக்கொள்ளும், உப்பில் பெரும்பகுதியை வேரடியிலேயே விட்டுவிடும். வெயில் மேல்மண்ணின் ஈரத்தைக் குடிக்கும், அதுவும் உப்பை விட்டுவிட்டுத்தான் போகும். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பழையகாயலிலும் தூத்துக்குடியிலும் உப்பளத்தில் செய்வது இதுதானே? பாத்தி கட்டித் தண்ணீரை விட்டு வெயிலில் காயப்போடுகிறோம். உப்பளத்தில் வாருகிறோம், புல்தரையில் வாருவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். மண்ணில் உப்பு ஏறினால், ஈரம் இருந்தும் வேரால் அதை இழுக்க முடியாது. தண்ணீருக்குள் நின்றுகொண்டே புல் தாகத்தில் சாகிறது. அது வாடுவதைப் பார்த்து நாம் இன்னும் கொஞ்சம் அதே தண்ணீரை ஊற்றுகிறோம்.

அக்கா இன்னொன்றும் செய்துகொண்டிருந்தாள். ஆர்.ஓ. மிஷினிலிருந்து வெளியேறும் தண்ணீர் வீணாகக் கூடாதே என்று வாளியில் பிடித்துத் தினமும் புல்லின் ஓரத்தில் ஊற்றுவாள். மிஷின் உப்பைப் பிரித்து அந்தத் தண்ணீரில்தானே தள்ளுகிறது? போர் தண்ணீரைவிட அது கூடுதல் கரிப்பு. பெரிய சொட்டை விழுந்திருந்தது அந்த ஓரத்தில்தான். நல்ல பச்சையாக ஒரே ஒரு இடம் இருந்தது. மாடியில் உள்ள ஏ.சி.யின் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும் இடம். காற்றிலிருந்து குளிர்ந்து விழும் அந்தத் தண்ணீரில் உப்பு இல்லை. இரண்டு இடத்தையும் அவனுக்குக் காட்டினேன். அளக்க வந்த ஆளை அனுப்பிவிட்டான்.

புல் போனால் போகட்டும், காசு இருக்கிறது, வருஷாவருஷம் மாற்றிக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால்? அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். ஏனென்றால் இது அவர்கள் வீட்டுப் புல்லோடு முடிகிற விஷயம் இல்லை.

கடலோர நிலத்தில் அடியில் இருப்பது உப்புத் தண்ணீர். மழையும் ஆறும் கொடுத்த நல்ல தண்ணீர் எடை குறைவு என்பதால் அதன்மேல் பாலேடு மாதிரி மிதந்துகொண்டிருக்கிறது. கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இரண்டு ஐரோப்பியர்கள் நூறு வருஷத்துக்கு முன்பே இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். அதையே திருப்பிப் பாருங்கள். உறிஞ்சி உறிஞ்சி மேல்மட்டத்தை ஒரு அடி இறக்கினால், அடியில் உப்பு 40 அடி ஏறி வரும். ஒரே நாளில் நடக்காது, வருஷக்கணக்கில் நடக்கும். மண்ணுக்கு மண் வித்தியாசமும் உண்டு. ஆனால் போக்கு அதுதான்.

நம் அம்மாக்கள் மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் கோரிக் குடத்தில் ஊற்றினார்கள். ஏட்டை மட்டும் எடுத்தார்கள். நாம் போர் போட்டு அடியிலிருந்து மோட்டாரால் இழுக்கிறோம். அடியில் இருக்கும் நல்ல தண்ணீருக்கு வேலியும் இல்லை, பட்டாவும் இல்லை. என் வீட்டு மோட்டார் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடினால், அடுத்த வீட்டுக் கிணறு கரிக்க ஆரம்பிக்கும். அந்த வீட்டில் புல்தரை இருக்காது. குழாய்த் தண்ணீர் வராத நாளில் பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் அந்தக் கிணறுதான் இருக்கும்.

"தொழிற்சாலைகளுக்கு ஸ்ரீவைகுண்டத்திலிருந்து எவ்வளவு தண்ணீர் போகிறது, அதை விட்டுவிட்டு என் இரண்டு சென்ட் புல்லைப் பிடித்துக்கொண்டீர்களே" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆற்றுத் தண்ணீரில் கடைமடை ஊருக்கும் முகத்துவாரத்துக்கும் உரிய பங்கு வந்து சேர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அதற்குக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்போம். ஆனால் ஆற்றில் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிற மாதிரி, மண்ணுக்கு அடியில் காக்கும் கடமையும் நமக்குத்தான் இருக்கிறது. அங்கே பொத்தானை அமுக்குகிறவர் நாம்தான்.

உலகத்தில் நமக்கு மட்டும் வந்த கஷ்டமும் இல்லை இது. அமெரிக்காவில் கொலராடோ ஆறு, உறிஞ்சப்பட்டு உறிஞ்சப்பட்டு, கடலுக்குப் போய்ச் சேருவதே அபூர்வமாகிவிட்டது. லாஸ் வேகஸ் நகரம் இருக்கும் நெவாடா மாநிலத்தில் 2021-ல் ஒரு சட்டம் போட்டார்கள். யாரும் மிதிக்காத, பார்வைக்கு மட்டும் வைத்த பொது இடப் புல்தரைகளுக்கு அந்த ஆற்றுத் தண்ணீரை 2027 முதல் பாய்ச்சக் கூடாது. வீட்டுப் புல்தரைக்கு அந்தச் சட்டத்தில் தடை இல்லை. பிள்ளைகள் விளையாடுகிற புல் வேறு, பார்வைக்கு வைத்த புல் வேறு என்று பிரித்தார்கள். அந்தப் பிரிவினை எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி, சொட்டையைச் சரி செய்வது எப்படி என்று சொல்கிறேன். எல்லாச் சொட்டையும் உப்பால் வந்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். முதலில் குனிந்து பாருங்கள். நம் வயதில் முடியாவிட்டால் ஒரு பையனைக் குனியச் சொல்லுங்கள். மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால், புல்லின் நுனி கருகி, மேடான இடமும் ஓரங்களும் முதலில் போயிருந்தால், அது உப்பு. ஒரு துளி மண்ணை நாக்கில் வைத்தால் தெரிந்துவிடும், பழைய ஆட்கள் அப்படித்தான் பார்த்தார்கள். நடுவில் தட்டு அளவுக்குச் செத்து, சுற்றி வளையமாகக் கரும்பச்சை இருந்தால் நாய் சிறுநீர் கழித்த இடம். உடனே ஒரு வாளி தண்ணீர் ஊற்றியிருந்தால் பிழைத்திருக்கும். பிடித்து இழுத்தால் பாய் மாதிரி கையோடு வந்துவிட்டால் வேர்ப்புழு தின்றிருக்கிறது. தோண்டினால் வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும். கடப்பாரை நுனி இறங்காமல் டங்கென்று சத்தம் கேட்டால், வீடு கட்டியபோது கொத்தனார் விட்டுப்போன சிமெண்டும் செங்கலும் அடியில் இருக்கிறது. நம் ஊருக்கென்று இன்னும் இரண்டு காரணம் உண்டு. ஐஸ் பெட்டி கழுவிய தண்ணீரும் கருவாட்டு உப்புத் தண்ணீரும் ஓடி வடிகிற இடம் ஒன்று. என்ஜினுக்கு டீசல் ஊற்றும்போது சிந்திய இடம் இன்னொன்று. டீசல் சிந்திய மண்ணை வெட்டி அப்புறப்படுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

காரணம் உப்பு என்று தெரிந்தால் சித்திரையில் கை வைக்காதீர்கள். புரட்டாசிக் கடைசி வரை பொறுங்கள். செத்த புல்லை வேரோடு எடுத்து, அரையடி ஆழத்துக்கு மம்பட்டியால் கொத்தி, கல்லும் கட்டியும் பொறுக்கி, மக்கிய தொழு உரம் கலந்து, சுற்றியிருக்கும் தரைக்குச் சமமாக மட்டம் செய்யுங்கள். மேடாக விட்டால் அங்கேதான் மறுபடியும் உப்புப் பூக்கும். விளிம்பில் விரல் உயரத்துக்கு வரப்பு பிடித்து ஐப்பசி மழையை அங்கேயே தேக்குங்கள். ஒரு அடி ஆழ மண்ணில் உள்ள உப்பில் பாதியைக் கீழே இறக்க அரையடி உயரத் தண்ணீர் வேண்டும். ஐந்தில் நாலு பங்கை இறக்க ஒரு அடி வேண்டும். மோட்டாரால் ஆகாத இந்த வேலையை ஒரு நல்ல ஐப்பசி, கார்த்திகை சும்மா செய்துகொடுக்கும். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. மாடிக் குழாய் எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு அங்குல மழை பெய்தால் 2,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். அதில் ஒரு பங்கைச் சொட்டைக்குத் திருப்பிவிடுங்கள். பெரும்பங்கு பூமிக்குள் போகட்டும், ஏடு கனக்கட்டும்.

ஜிப்சம் போடலாமா என்று கேட்பார்கள். களிமண்ணாக இறுகி, தண்ணீர் இறங்காமல் நிற்கிற களர் நிலத்தில் ஜிப்சம் உதவும். வெறும் மணலில் அதற்கு வேலை இல்லை, நல்ல தண்ணீர் போதும். சந்தேகம் இருந்தால் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி தூரமில்லை, அங்கே விசாரித்துவிட்டு மண்ணைப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

புல்லுக்கு வருவோம். நர்சரியில் சதுரம் சதுரமாக விற்கும் புல் பெரும்பாலும் செம்மண்ணோடு ஒட்டி வரும். அதை நம் மணலின் மேல் விரித்தால் இரண்டும் சேராது. வேர் அந்தச் செம்மண் தட்டிலேயே சுற்றிக்கொண்டு கீழே இறங்காது. சொட்டை அடைக்க என்னைக் கேட்டால் அருகுதான். வாய்க்கால் வரப்பில் கிடப்பதுதானே என்று இளக்காரமாகப் பார்க்காதீர்கள். அமெரிக்காவில் அதற்குப் பெர்முடா புல் என்று பேர். ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்தில் இந்த அருகும் ஒரு ஆப்பிரிக்க அருகும் கலந்த கலப்பினமாக 1960-ல் வெளியிட்ட டிஃப்வே என்ற ரகம்தான் உலகம் முழுக்க கோல்ஃப் மைதானங்களில் கிடக்கிறது. தரைக்கு மேலே கொடியாகவும் கீழே கிழங்குத் தண்டாகவும் ஓடும். ஓரளவு உப்பையும் நீண்ட வறட்சியையும் தாங்கும். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஆறு ஊருக்குள் வந்ததே, அந்த வெள்ளம் வடிந்தபோது முற்றங்களில் வண்டல் படிந்து கிடந்தது. விலை கொடுத்து வாங்கிய புல் பல வீடுகளில் அதற்கடியில் அழுகியது. அருகு வண்டலைத் துளைத்துக்கொண்டு வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். கல்யாணத்தில் அருகு போல் வேரோடுங்கள் என்று சும்மாவா வாழ்த்தினார்கள்?

கொடியை மூன்று கணு உள்ள துண்டுகளாக நறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள்ளும் ஒன்று வெளியிலுமாக, நாலு விரல் இடைவெளியில் ஊன்றுங்கள். ஒரு மாதம் யாரும் மிதிக்காமல் நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டுங்கள். தை பிறப்பதற்குள் மூடிக்கொள்ளும். கோடையில் ஒட்ட வெட்டாதீர்கள். வெளுத்திருக்கிறது என்று யூரியா போடாதீர்கள். தண்ணீரைத் தினமும் தெளிப்பதைவிட, நாலு நாளைக்கு ஒரு தடவை ஆழமாக விடுவது நல்லது. கோடையில் அருகு கொஞ்சம் பழுத்துத்தான் போகும். அது சாவு இல்லை, தூக்கம். முதல் மழைக்கு எழுந்துவிடும். அந்த இரண்டு மாதப் பழுப்பைப் பொறுத்துக்கொள்ளக் கண் பழக வேண்டும்.

ஒன்று பாக்கி. வேப்பமரத்தடியிலும் புன்னை மரத்தடியிலும் அருகு வராது, அதற்கு வெயில் வேண்டும். அங்கே சொட்டையை அடைக்கப் பார்க்காதீர்கள். மணலாகவே விட்டுப் பெருக்கி ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள்.

என் அக்கா மகன் இப்போது இரண்டு சென்ட்டை அரை சென்ட்டாக்கிவிட்டான். பிள்ளைகள் விளையாடுகிற அளவுக்கு அருகு, மீதி மணல், சுவரோரம் இரண்டு புன்னைக் கன்று. கோடையில் ஏ.சி. தண்ணீரையும், தொட்டியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீரையும் கொண்டு ஒப்பேற்றுகிறார்கள். மோட்டார் புல்லுக்காக ஓடுவதில்லை. ஓரத்தில் இன்னும் ஒரு சொட்டை இருக்கிறது, அதை வருகிற ஐப்பசிக்கு வைத்திருக்கிறான்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்காக நம்மில் பலர் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக் காவல் காத்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த தடவை அவர்கள் போனில் "அப்பா, புல்லு எப்படி இருக்கு?" என்று கேட்டால், கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். மாதம் ஒரு தடவை அளந்து காலண்டரில் குறித்து வாருங்கள். அந்த எண் ஏறிக்கொண்டே போனால், எந்தப் புல்லாலும் அடைக்க முடியாத சொட்டை ஒன்று மண்ணுக்கு அடியில் விழுந்துகொண்டிருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.